அரியலூர்: கல்லில் சிப்பி, டின்னில் மட்டி

நான் நாகப்பட்டினத்தில் சிப்பி பொறுக்கி வளர்ந்தவன். கடலே இல்லாத அரியலூரில் சுண்ணாம்புக் கல்லுக்குள் கடல் சிப்பி கிடக்கிறது என்று யாரோ சொல்ல, 1982 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன்.

திருச்சியில் காலை ஆறரைக்குப் பாசஞ்சர், ஒன்பதுக்கு அரியலூர். ஸ்டேஷன் எதிரே வாடகை சைக்கிள், மணிக்கு நாற்பது பைசா. ஏழு கிலோமீட்டர் மிதித்தால் சுண்ணாம்புக்கல் வெட்டிய பழைய குழி. சிப்பி இருப்பது உண்மைதான். உள்ளங்கை அகலம், ஓட்டின் வரிகூட அழியவில்லை. நான்கைப் பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது தாகம். பருத்திக் காட்டை ஒட்டி ஓர் ஏரி. கரையெங்கும் செத்த மட்டி, ஓடு பிளந்து நாறிக் கிடந்தது. பக்கத்துக் குடிசையில் தண்ணீர் கேட்கப் போனேன். வாசலில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவர் செல்லம்மா, காட்டு வேலைக்குப் போகிறவர்.

“கல்லுக்குள்ள சிப்பி பொறுக்கவா இம்புட்டு தூரம் மிதிச்சீங்க? வூட்டுல சொல்லிட்டுத்தான வந்தீங்க சார்?” என்று சிரித்தார்.

உள்ளே அவர் மகள், பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள். பால் போதவில்லை. அவளுக்காகத்தான் மட்டிச் சாறு. இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டுவைத்தால் மட்டி வாய் திறந்து சேற்றைக் கக்கிவிடும்; அதன் பிறகுதான் வேகவைப்பார்கள்.

“எப்பவும் பானையிலதான் போடுவேன். அது ஒடஞ்சு போச்சு, டின்னுல போட்டேன். பாருங்க, பானையவிட நல்லா தொறந்துருக்கு.”

தொட்டுப் பார்த்தேன். உயிருள்ள மட்டி சட்டென்று மூடிக்கொள்ளும். ஒன்றுகூட மூடவில்லை. டின்னைத் திருப்பினேன். துருவுக்கு நடுவே பாதி அழிந்த மண்டையோட்டுப் படம். பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்து டின்.

“இது விஷம்மா. பொண்ணுக்குக் குடுக்காதீங்க.”

“ஆண்டை குடுத்த டின்னுங்க. மூணு தடவ சாம்பல் போட்டுக் கழுவுனேனே.”

“எங்க கழுவுனீங்க?”

“ஏரியிலதான். மருந்தடிக்கிற எல்லாரும் அங்கதான கழுவுறாங்க.”

எச்சரிக்கையை ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். அதைப் படிக்கத் தெரிந்தவன் காட்டில் இறங்குவதில்லை. இறங்குகிறவர்களுக்குக் காலி டின் இனாம்.

செல்லம்மா மட்டியைக் குழி தோண்டிப் புதைத்தார். பிறகு அதே டின்னோடு ஏரிக்கு நடந்தார்.

“அது வேணாம்மா.”

“அப்ப தண்ணிய எதுல புடிக்கிறது? ஒங்க பையிலயா?”

நான் தண்ணீர் கேட்காமலே சைக்கிளை எடுத்தேன்.

போக நினைப்பவர்கள் குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். திரும்புவதற்குப் பாசஞ்சர் மாலை நாலு பத்துக்கு. சைக்கிள் கடைக்குப் பக்கத்திலேயே மண்பானை விற்கிறார்கள், ஒன்று இரண்டு ரூபாய். நான் ஒன்றரைக்கே அங்கு வந்துவிட்டேன். களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ரயில் வரும்வரை அந்தப் பானைகளுக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் போகும்போதே ஒன்றை வாங்கிக் காரியரில் கட்டிக்கொள்ளுங்கள்.