எல்லாவற்றையும் சொல்லப் பழகிய அக்கா

எங்கள் அக்காவின் முதலாண்டு நினைவுநாளுக்கு வந்து அமர்ந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம்.

அக்கா சிலமலையில் பிறந்து போடியில் வாழ்க்கைப்பட்டார். மாமா இளம் வயதிலேயே காலமாகிவிட, இரண்டு பெண்களை வளர்க்க மலையில் இருக்கும் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு ஜீப் ஏறியவர், அவர்களைக் கரையேற்றிய பிறகும் வேலையை விடவில்லை. சும்மா உட்காரச் சொன்னால் கோபம் வரும். அந்தக் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் நம்மில் யாருமில்லை.

தோட்டத்தில் பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. அதனால் காலையில் ஜீப் ஏறினால் மாலை வீடு திரும்பும்வரை அக்கா தண்ணீர் குடிக்கமாட்டார். கூட வரும் பெண்களுக்கும் அதுதான் வழக்கம். சிறுநீரில் இரத்தம் தெரிந்தபோதும் உடம்புச் சூடு என்று வெந்தயத்தைத் தின்றுவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தார். மூத்த மகள் தற்செயலாகப் பார்த்து அழுத பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப்போனோம். சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்றார்கள்.

கட்டியை எடுத்த பிறகு, வாரம் ஒருமுறை குழாய் வழியாகப் பைக்குள் மருந்து ஏற்றினார்கள். அதை இரண்டு மணி நேரம் அடக்கிவைத்து வெளியேற்ற வேண்டும். அக்கா மருந்து ஏற்றிய நர்ஸைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இம்புட்டுத்தானா சிஸ்டர்? நாங்க பொழுதன்னைக்கும் அடக்குறவக."

அதுதான் வினையாயிற்று. ஆஸ்பத்திரிக் கழிப்பறைக்குக் கூச்சப்பட்டு, போய்வந்துவிட்டதாகப் பொய் சொல்லிவிட்டு, போடி வந்து சேரும்வரை பஸ்ஸில் மருந்தை அடக்கிக்கொண்டே வந்தார். எரிச்சலும் காய்ச்சலும் வந்தன. அதையும் மறைத்தார். அடுத்த வாரம் சிஸ்டர் கையைத் தொட்டதும் காய்ச்சல் தெரிந்துவிட்டது. மருந்தை நிறுத்திவைத்தார்கள். மருந்து பலிக்காவிட்டால் பையையே எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர்.

"அத எடுத்துட்டா நான் மலைக்குப் போகலாமா சார்?" அக்கா அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"போகலாம்மா. சிறுநீர் சேர வயித்துல ஒரு பைய ஒட்டிக்கிட்டுப் போகணும். ஆனா இருக்கறதையே காப்பாத்தப் பார்ப்போம். நீங்க எதையும் மறைக்காமச் சொன்னாத்தான் எங்களால முடியும்."

அக்கா என்னையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஆம்பளைக எல்லாம் வெளிய போங்க. நான் சிஸ்டர்கிட்டப் பேசணும்" என்றார். நான் எழுந்து வந்தேன். பின்னாலேயே டாக்டரும் வந்துவிட்டார்.

அன்றிலிருந்து அக்கா சிஸ்டரிடம் சொல்லாதது எதுவுமில்லை. எரிந்தால் போன், நிறம் மாறினால் போன். அவரும் சலிக்காமல் கேட்டார். காய்ச்சல் தணிந்ததும் மருந்து தொடர்ந்தது. பிறகு உள்ளே கருவி விட்டுப் பார்த்தபோதெல்லாம் பை சுத்தமாக இருந்தது. அக்கா மறுபடியும் மலைக்குப் போனார். டிரைவரிடம் சண்டை பிடித்து, மலைப்பாதையில் போடிமெட்டில் கழிப்பறை உள்ள கடையருகே ஜீப்பை நிறுத்தவும் வைத்தார். அவர் இல்லாவிட்டாலும் ஜீப் இன்றும் அங்கே நின்றுதான் போகிறது.

சென்ற ஆண்டு மாரடைப்பு அவரை உறக்கத்திலேயே கொண்டுபோய்விட்டது. பயந்த நோய்க்கு அவரைக் கொடுக்கவில்லை என்ற ஆறுதல் எனக்கு உண்டு. ஆனாலும் இந்த வீடு அவர் சத்தமில்லாமல் வெறிச்சென்று கிடக்கிறது.

டாக்டருக்கும், ஜீப் டிரைவர் அண்ணனுக்கும், உடன் வேலை செய்த பெண்களுக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சிஸ்டருக்கு அக்கா இறந்த அன்று நான் போனில்தான் துக்கம் சொன்னேன்.

"நேத்துத்தானே அம்மா பேசுனாங்க" என்றார்.

என்ன தொந்தரவு சொன்னார் என்று பதறிக் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார். 'நல்லாருக்கேன் சிஸ்டர், அதையும் ஒங்ககிட்டச் சொல்லணும்ல'ன்னாங்க."