வராத புகையும் வந்த சத்தமும்

எனக்குச் சத்தம் ஆகாது. சிவகாசிப் பக்கம் பிறந்தவன் இப்படிச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். எங்கள் ஊரில் குழந்தைகள் வெடிச்சத்தம் கேட்டால்தான் தூங்கும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். உண்மையில் தீபாவளி அல்லாத ஒரு நாளில் தூரத்தில் 'டம்' என்று கேட்டால், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வெளியே வருவோம். எந்தத் திசை என்று பார்ப்போம். புகை தெரிகிறதா என்று பார்ப்போம். பிறகு ஆளாளுக்குப் போன் போடுவோம்.

இதில் எனக்கென்று ஒரு தனிப்பாணி உண்டு. மற்றவர்கள் பார்த்துவிட்டு ஓடுவார்கள். நான் ஓடிவிட்டுப் பார்ப்பேன். மச்சினன் மகள் கல்யாணத்தில் யாரோ ஒரு பொடியன் பலூனை உடைத்ததற்கு, பந்தியிலிருந்து எழுந்து மண்டபத்துக்கு வெளியே பேருந்து நிறுத்தம் வரை போனவன் நான். திரும்பி வந்தபோது என் இலையை எடுத்துவிட்டார்கள்.

அப்படிப்பட்டவனுக்கு ஐம்பதை நெருங்கும்போது கிடைத்த வேலை, எரிவாயு மின்நிலையத்தில்.

அதுவரை காலண்டர் கம்பெனிகளுக்கு ஆர்டர் பிடிக்கிற ஆளாக இருந்தேன். வாய்தான் மூலதனம். வெம்பக்கோட்டைக்குப் போகிற வழியில் கரிசல் காட்டுக்குள் ஒரு தனியார் கம்பெனி சின்னதாக மின்நிலையம் கட்டிக்கொண்டிருந்தது. உள்ளூர் மக்களோடு பேச ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். 'மக்கள் தொடர்பு அலுவலர்' என்று அட்டை அடித்து, ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டார்கள். சத்தம் ஆகாது என்பதை நான் சொல்லவில்லை, அவர்கள் கேட்கவும் இல்லை.

வேலையில் சேர்ந்த பிறகுதான் அந்த நிலையம் இரண்டு சரக்கு விற்கப் போகிறது என்று தெரிந்தது. ஒன்று மின்சாரம். மற்றொன்று வராத புகை.

இதை மேலாளர் எனக்கு மூன்று தடவை விளக்கினார். மூன்றாவது தடவைதான் தலையாட்டுவதை நிறுத்திவிட்டுப் புரிந்துகொண்டேன். எரிவாயுவை எரித்து ஒரு சக்கரத்தைச் சுற்றுவார்கள். அதிலிருந்து வெளியேறும் வெப்பக்காற்றை வீணாக்காமல், அதைக்கொண்டே தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியால் இன்னொரு சக்கரத்தைச் சுற்றுவார்கள். சோறு பொங்கிய அடுப்புத் தணலிலேயே குளிக்க வெந்நீர் வைப்பது போலத்தான். ஒரே தீயில் இரண்டு வேலை. இதே மின்சாரத்தை நிலக்கரியில் எடுத்திருந்தால் எவ்வளவு கரியமில வாயு வந்திருக்கும், இதில் எவ்வளவு வருகிறது என்று கணக்குப் போட்டு, அந்த வித்தியாசத்துக்குச் சான்றிதழ் வாங்கி, எங்கேயோ புகைவிட்டுக்கொண்டிருக்கிற ஒரு கம்பெனிக்கு விற்றுவிடலாம். அந்தக் கம்பெனி அதைக் காட்டி, தன் புகைக்குப் பரிகாரம் செய்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும்.

நானும் காலண்டர் விற்றவன்தான். இன்னும் வராத வருடத்தை விற்றிருக்கிறேன். ஆனால் வரவே வராத ஒன்றை விற்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சான்றிதழுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. சுற்றுவட்டார மக்களைக் கூட்டி, திட்டத்தைச் சொல்லி, அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும். அதைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு பெண் தணிக்கையாளர் வருவார். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "கூட்டம் சேர்க்கிறது உங்க பொறுப்பு. ஆள் வந்தா அடுத்த வருஷமும் நீங்க இருப்பீங்க. வரலைன்னா..." என்று சொல்லி நிறுத்தினார். நல்ல மனிதர். வாக்கியத்தை முடிக்கவில்லை.

கம்பெனி குறித்த தேதியோ தீபாவளிச் சீசனின் உச்சம். எங்கள் பக்கம் அந்த மாதத்தில் ஆள் கிடைப்பது, சித்திரையில் வைப்பாற்றில் தண்ணீர் கிடைப்பது மாதிரி. எல்லாரும் பட்டாசுக் கம்பெனியில் இருப்பார்கள். என் மனைவியும்தான். சரம் பின்னுகிற பிரிவில் வேலை. அவளிடமே முதல் அழைப்பைக் கொடுத்தேன்.

"பீஸ் கணக்குல வேல பாக்குறவள, ஒரு நாளு லீவு போட்டுட்டு வந்து வராத புகையப் பத்திக் கேளுன்னு சொல்றீகளே, உங்களுக்கே சிரிப்பு வரலியா?" என்றாள்.

"டீ, வடை உண்டு" என்றேன்.

"வடைய நீங்களே தின்னுங்க. மிஞ்சுனா கொண்டாங்க."

நாலு வர்ணத்தில் நோட்டீஸ் அடித்தேன். பழைய தொழில் விடுமா? டீக்கடை, ரேஷன் கடை எல்லாம் ஒட்டினேன். அன்று காலை நிலையத்தின் வாசலுக்கு வெளியே சாமியானா போட்டு, இருநூறு நாற்காலி வரிசையாக வைத்திருந்தோம். வந்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். வேலையிலிருந்து நின்றுவிட்ட சில பெரியவர்கள், உடம்புக்கு முடியாமல் லீவில் இருந்த நாலைந்து பெண்கள், ஒரு நாய்.

அவர்களும் முன்வரிசையில் உட்காரவில்லை. எல்லாரும் பந்தலின் ஓரத்தில், வெளியே கால் வைக்க வசதியாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். "ரொம்பக் கூச்சப்படுறாங்க போல" என்றார் மேலாளர். கூச்சமெல்லாம் இல்லை. எங்கள் பக்கத்து ஆள் எந்தக் கூரைக்கு அடியில் போனாலும் முதலில் பார்ப்பது வெளியேறும் வழியைத்தான். பட்டாசு அறைக்கு நாலு பக்கமும் வாசல் வைத்துப் பழகியவர்கள்.

தணிக்கையாளர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். வெயிலில் முகம் சிவந்திருந்தது. காலி நாற்காலிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், இவ்வளவுதானா? இதை மக்கள் கூட்டம்னு நான் எழுத முடியாதே" என்றார். "வந்துகிட்டே இருக்காங்க மேடம்" என்றேன்.

நேரத்தை ஓட்ட வேண்டும். மைக்கைப் பிடித்து, அடுப்புத் தணல், வெந்நீர் எல்லாம் சொல்லி விளக்கினேன். நீராவி அளவுக்கு மீறினால் தானாகத் திறந்து வெளியேற்ற ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது, குக்கருக்கு விசில் மாதிரி, பயமே வேண்டாம் என்றும் சொன்னேன். இதைச் சொன்னவன் நான்தான் என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வராத புகைக்கு வந்தபோது, எனக்கு மாமன் முறையாகும் ஒரு பெரியவர் எழுந்தார்.

"ஏலே மாப்ள, நான் ஒரு நாளைக்கு அஞ்சு கட்டு பீடி குடிக்கிறவன். இப்ப ரெண்டு கட்டோட நிறுத்திக்கிட்டேன். மிச்சம் மூணு கட்டுப் புகைய எவன்லே வாங்குவான்? கேட்டுச் சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்குப் பின்னால் இருந்த பெண் குரல் கொடுத்தார். ஊருக்கே மதினி. வாயில் சரவெடி கட்டிக்கொண்டு பிறந்தவர்.

"இவுக என்னைக்கு அஞ்சு கட்டு குடிச்சாக? நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து ரெண்டு கட்டுதான். புகைக்கு வெல கெடைக்கும்னதும் அஞ்சாயிருச்சாக்கும்!"

தணிக்கையாளர் விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மா, நீங்க சொன்னீங்களே, அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்" என்றார். மேலாளர் சிரிக்கவில்லை.

மதினிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இன்னொண்ணு கேக்கேன் மேடம். இந்தப் புகைய வித்த பணம் வந்தாத்தான் இதக் கட்ட முடியும்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு. இந்தா, கட்டி முடிச்சு நிக்குதே?"

"அதையும்தான் நான் இவங்ககிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார் தணிக்கையாளர். நோட்டீஸில் அந்த வரியை எழுதியவன் அருகில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியை ரொம்ப கவனமாகத் திருகிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அது வந்தது.

வால்வு சோதனை சாயங்காலம் என்று சொல்லியிருந்தார்கள். உள்ளே அழுத்தம் முன்னதாகவே ஏறிவிட்டது போலிருக்கிறது. குக்கர் விசில் என்று சொன்னேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வானத்தை யாரோ நடுவில் பிடித்துக் கிழிப்பது போல ஒரு சத்தம். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. கட்டடத்துக்கு மேலே வெள்ளையாக ஒரு தூண் எழும்பி நின்றது.

அடுத்து எனக்கு நினைவு வரும்போது நான் சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு காலில் செருப்பு இல்லை. கையில் மைக் இருந்தது. வயர் இல்லை. போனை எடுத்து மனைவிக்கு அடித்திருக்கிறேன். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. எல்லார் போனும் வாசலில் வாட்ச்மேன் பெட்டியில்தான் இருக்கும். எடுத்தவர் வாட்ச்மேன்.

"நான்தான்! இங்கன வெடிச்சிருச்சு! நான் தப்பிச்சிட்டேன், அவகிட்டச் சொல்லிருங்க!" என்று கத்திவிட்டு, அவர் ஒரு வார்த்தை பேசுவதற்குள் வைத்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் என் கூட்டம் முழுதும் வேலி ஓரம் நிற்கிறது. ஒருத்தரை ஒருத்தர் தள்ளாமல், கீழே விழாமல், நாலு பக்கமும் கலைந்து வந்திருந்தார்கள். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் நல்ல தூரம். நான்தான் முன்னால்.

"ஏலே, கம்பெனிக்காரன் நீயே ஓடுனா நாங்க என்னத்தலே செய்ய? நீ ஓடுன ஓட்டத்தப் பாத்துத்தான் நாங்களே ஓடுனோம்!" என்றார் பீடி மாமன், மூச்சு வாங்கிக்கொண்டு.

"மைக்க எதுக்கு கொழுந்தனாரே தூக்கிட்டு ஓடுனீக? வழியில யாருக்கும் பேச்சு குடுக்கணுமோ?" என்றார் மதினி.

சத்தம் அடங்கிவிட்டது. மேலாளர் பந்தலில் நின்று, "ஒண்ணுமில்லை, வால்வுதான், வாங்க" என்று கையை ஆட்டினார். சிலர் வந்தார்கள். சிலர் போதுமடா சாமி என்று வீட்டைப் பார்த்துப் போய்விட்டார்கள். தணிக்கையாளர் மட்டும் தன் நாற்காலியில் அப்படியே இருந்தார். யாரும் தனக்கு ஓடச் சொல்லித்தரவில்லை என்றார். மைக்செட்காரரிடம் மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் வயரை மாட்டினார். தணிக்கையாளர் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

"சாரி சார். ஒன்பது பேரை வச்சு நான் எதையும் எழுத முடியாது."

மேலாளர் என்னைப் பார்க்கவில்லை. முடிக்காமல் விட்ட வாக்கியம் அவர் முகத்தில் முடிந்திருந்தது. மறுபடியும் காலண்டர் பையைத் தூக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே இன்னொரு செருப்பைத் தேடினேன்.

அப்போது ரோட்டில் தூசி கிளம்பியது. முதலில் பைக்குகள். பின்னால் ஒரு லோடு வேன், அதன் பின்னால் பட்டாசுக் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குகிற வேன்கள், ஒன்று, இரண்டு, மூன்று. மினி பஸ்காரர் வழியை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். தூரத்து ஆமத்தூரிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். வாட்ச்மேன் என் வார்த்தையைக் கம்பெனி முழுதும் சொல்ல, கம்பெனி பக்கத்துக் கம்பெனிக்குச் சொல்ல, ஆளுக்கொரு சொந்தக்காரர் இந்த ஊரில் இருக்க, மொத்தச் சுற்றுவட்டாரமும் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டது. கடைசியாக ஆம்புலன்ஸ்.

முதல் வேனிலிருந்து என் மனைவி இறங்கினாள். கைகளில் வெடிமருந்தின் சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. நேராக என்னிடம் வந்தாள். தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். செருப்பில்லாத காலில் வந்து அவள் பார்வை நின்றது.

"எங்க வெடிச்சது?"

"வெடிக்கல. ஆவி."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது. அம்புட்டுப் பேர் நடுவில் சொன்னாள். கேட்டவர்கள் எல்லாரும் ஆமோதித்தார்கள்.

இருநூறு நாற்காலி பத்தவில்லை. கூட்டம் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றது. யார் சிரிக்கிறார்கள், யார் அழுகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. தணிக்கையாளர் அடுக்கிய காகிதங்களை மறுபடி பிரித்தார். மைக்கை என்னிடம் தராமல் கூட்டத்துக்குள் கொடுத்தார். அது கை மாறி என் மனைவியிடம் வந்தது.

"வராத புகைய நீங்க யாருக்கு வேணா வித்துக்கங்க. எங்களுக்கு அது புரியல, புரியவும் வேணாம். வரப்போற சத்தத்த முன்னாடியே சொல்லுங்க. இந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டா, எத்தன வீட்ல அடுப்புல வச்ச ஒல எறங்கிப் போகுதுன்னு உங்களுக்குத் தெரியாது. எங்க கம்பெனியில எல்லாம் ஒண்ணும் நடக்காமப் போன நாளுக்கு யாரும் சான்றிதழ் தர்றதில்ல. நாங்களே வீட்டுக்குப் போயி பிள்ளைகளப் பாத்துக்கிடுறோம், அம்புட்டுத்தான்."

தணிக்கையாளர் எழுதினார். "இது யாருடைய கருத்து?" என்று கேட்டார். நின்றவர்கள் எல்லாரும் கையைத் தூக்கினார்கள். ஆம்புலன்ஸ் டிரைவரும் தூக்கினார்.

அன்றைய கூட்டம், மக்கள் கூட்டம் என்றே எழுதப்பட்டது. சான்றிதழ் இன்னும் வரவில்லை. கட்டி முடித்து நிற்கிறதே என்ற கேள்வியைத் தணிக்கையாளர் விடுவதாக இல்லை. ஆனால் என் ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள், ஒரு வேலையைக் கூட்டி. நிலையத்தில் சத்தம் வருகிற வேலை எது இருந்தாலும், முதல் நாளே ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு நான் ஊர் ஊராகப் போக வேண்டும். "நாளைக் காலை மின்நிலையத்தில் பெரிய சத்தம் கேட்கும். அது நீராவி. யாரும் பயப்பட வேண்டாம்" என்று அறிவிக்க வேண்டும். என் குரல் கம்பீரமாக இருப்பதாக எல்லாரும் சொல்கிறார்கள்.

இதற்கு என் மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். மேலாளர் உடனே சம்மதித்தார். சத்தம் வருகிற நாளில், காலையில் உள்ளே நுழையும்போதே என் போனை வாங்கி வாட்ச்மேன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். செருப்பைக் கேட்கவில்லை. அதை நானே வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகிறேன்.