கெடாக் கொம்பு ஹேண்டில்பார்

உர்ர்ரென்று ஏறியது அந்தச் சத்தம். தருமபுரி நாலு ரோட்டில், கையில் டீயோடு திரும்பிப் பார்த்தேன். உசந்த ஹேண்டில்பார் மாட்டிய வண்டியில் ஒரு பையன் இடப்பக்கம் ஒடிக்கிறான். ஒடிக்க ஒடிக்க வண்டி தானாகவே உறுமுகிறது, அவன் முகத்தில் திகில். எனக்கோ உடம்பெல்லாம் சிரிப்பு. தம்பி, ஆக்சிலேட்டர் கேபிள் பத்தலை. இது எனக்குப் பதினோரு வயதிலேயே தெரியும்.

எங்கள் ஊர் அரூர்ப் பக்கம். சித்தப்பாவின் வண்டி எந்தக் கம்பெனியும் செய்யாத வண்டி. எஞ்சின் ஒன்றினுடையது, டேங்க் இன்னொன்றினுடையது, சீட்டு அவரே தைத்தது. தாழ்ந்த ஹேண்டில்பாரைப் பிடித்துக் குப்புறப் படுத்தாற்போல் அவர் ஓட்டிவந்தால், சுவரில் பல்லி போவது மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் வீட்டில் வேறொரு கொதிப்பு. சித்திக்குச் சித்தேரி மலைமேல் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. வருகிற திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் போச்சு. முதல் பஸ் மலை ஏறுவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். மலையிலேயே தங்கத் தாத்தா ஒப்பவில்லை. அப்புறம் எதுக்கு வேலை என்று பேச்சை முடித்துவிட்டார். சித்தி எதிர்த்துப் பேசவில்லை. தாத்தா எதிரில் மருமகள்கள் பேசுவதென்ன, உட்காருவதே கிடையாது. அம்மாவோ சித்தியோ அவர் கண்முன்னால் ஒரு பலகையில்கூடக் குந்தி நான் பார்த்ததில்லை. அவரோ விடிந்ததிலிருந்து முற்றத்துக் கயிற்றுக் கட்டிலை விட்டு நகரமாட்டார்.

அந்த வாரம்தான் சித்தப்பா காயலான் கடையிலிருந்து ஒரு ஹேண்டில்பாரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மேலே எழும்பிப் பின்னால் வளைந்து, அசல் கெடாக் கொம்பு.

"என்னங்க கொழுந்தனாரே, வண்டிக்குக் கொம்பு மொளைக்குதா?" என்றாள் அம்மா.

"முட்டாத கொம்புங்க அண்ணி."

பிறகு முற்றத்தில் வண்டியை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். ஏறிக் குந்து பாப்பா, கையை நீட்டு. நீட்டினேன். ஸ்பேனர் போட்டுத் தளர்த்தினார், கொம்பை என் பக்கம் ஒரு விரற்கடை சாய்த்தார், முடுக்கினார். எட்டுதா? கிளச்சைப் பிடி. முழங்கை விறைக்கக் கூடாது, தொங்கவும் கூடாது. மறுநாளும் ஏற்றினார், அதற்கு மறுநாளும். அவர் கைக்கு அந்தக் கொம்பு நெஞ்சில் வந்து இடித்தது. என் கைக்கோ, அப்படியே வந்து உட்கார்ந்தது.

வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? வண்டி எனக்குத்தான். பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். கால் தரையைத் தொடுமாடி என்று ஒருத்தி நக்கலடித்தாள். முதலில் கை, காலெல்லாம் அப்புறம் என்றேன். இரவெல்லாம் கனவில் மலை ஏறினேன், கொண்டை ஊசி வளைவுகளில் கொம்பைச் சாய்த்துச் சாய்த்து. நான் வகுப்பிலேயே நெட்டை, சித்தி குள்ளம், இரண்டு பேருக்கும் வளையல் ஒரே அளவு. இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும் புத்தி எனக்கு வரவில்லை. சித்தி மட்டும் கதவோரம் நின்று என் முழங்கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சனிக்கிழமை வெள்ளோட்டம். முன்னால் நான், பின்னால் சித்தப்பா. நேர்ச்சாலையில் காற்று என் சடையைப் பிய்த்தது. வீட்டை ஒட்டிய களத்துமேட்டில் இடப்பக்கம் ஒடித்தாரே பார்க்கணும். யாரும் திருகாமலே எஞ்சின் வீறிட்டது, வண்டி பாய்ந்தது, இரண்டு பேரும் கேழ்வரகுத் தாள் போருக்குள். வாயெல்லாம் தாளோடு நான் சிரித்தேன். சித்தப்பா சிரிக்கவில்லை. கொம்பை மறுபடி ஒடித்துப் பார்த்தார். கேபிள் விண்ணென்று இழுத்துக்கொண்டு நின்றது. கொம்பு உசந்துவிட்டது, கேபிள் பழைய நீளம்.

சித்தி ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எங்களுக்கு அடி ஏதுமில்லை என்று தெரிந்ததும் குனிந்து அந்தக் கேபிளைத் தொட்டார்.

"நாளைக்குள்ள கெடைச்சிருமாங்க?"

கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை சேலம்வரை போய் நீளக் கேபிள் வாங்கிவந்து மாட்டினார் சித்தப்பா. முழுக்க இடம், முழுக்க வலம். எஞ்சின் சாதுவாக நின்றது.

திங்கட்கிழமை விடிகாலை இரட்டைச் சடை போட்டுக்கொண்டு நான் வண்டியருகில் தயாராக நின்றேன். சித்தப்பா உதைத்துக் கிளப்பினார். சித்தி வந்தார், தோளில் பை, புடவைக்கடியில் சித்தப்பாவின் பேன்ட் எட்டிப் பார்த்தது. பிறந்த வீட்டில் அண்ணன் வண்டியை வற்றிய ஏரிக்குள் ஓட்டிப் பழகியவர் என்று பின்னால்தான் தெரிந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. அது என் கைக்கு வைத்தது என்று கத்த வாயெடுத்தேன், அம்மா என் தோளை அழுத்தினாள்.

சித்தி கயிற்றுக் கட்டிலில் இருந்த தாத்தாவைப் பார்த்தார். பிறகு காலைத் தூக்கிப் போட்டு, அவர் கண்ணெதிரிலேயே, உட்கார்ந்தார்.

அம்மா மூச்சு விடவில்லை. சித்தப்பாவின் கை கொம்பிலேயே ஒட்டிக்கொண்டது. ஒரு பொம்பளை சீட்டில் குந்தியதற்கு இத்தனை பேர் ஏன் இப்படிச் சிலையாகிறார்கள்? அளவெடுக்க அந்த முற்றத்தில் சித்தியை ஏற்ற முடியாமல்தான் என்னை ஏற்றினார்கள் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், என் முழங்கை போலவே அவர் முழங்கையும் விறைக்காமல், தொங்காமல் மடிந்திருந்தது.

வண்டி தடதடத்துக்கொண்டே நின்றது. சித்தி கிளச்சை விடவில்லை, தலை நிமிரவில்லை.

தாத்தா கொம்பைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"குந்தியாச்சில்லம்மா. அப்பறமென்ன, கெளம்பு."