நேற்று முடிந்த விலை

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எனக்குக் கணக்குப் போதும். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைத்தான் சொல்கிறேன்.

மலாயா சுதந்திரம் வாங்கிய மெர்டேக்காவுக்கு முந்தின மாதம். மலாக்கா டவுனில் ஒரு பங்குத் தரகர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். சிங்கப்பூரிலிருந்து போனில் வரும் ரப்பர் கம்பெனிப் பங்கு விலைகளைக் கட்டம் போட்ட தாளில் வரைய வேண்டும். அன்றைய உச்ச விலைக்கும் தாழ்ந்த விலைக்கும் நடுவே ஒரு கோடு. கோடுகள் குட்டையாக இருந்தால் சந்தை அமைதி, நீண்டால் ஆட்டம். பத்து நாள் கோடுகளின் சராசரியைப் பார்த்துத்தான் விற்கலாமா, பொறுக்கலாமா என்று யோசனை சொல்வோம்.

பக்கத்து மேசைக்காரர் காஜா பேராங் சிட்டி கம்பத்துப் பிள்ளை; மலாய் பேசும் தமிழ் வம்சத்தார் வாழும் கிராமம் அது. நான் அவரை மலாயில் அபாங், அண்ணன் என்று கூப்பிடுவேன்; அவர் மனைவி தேவியைக் காக், அக்கா என்பேன். எங்களுக்குள் ஓயாத சண்டை. நேற்று முடிந்த விலைக்கும் இன்று திறந்த விலைக்கும் இடையில் தாண்டினதையும் கோட்டில் சேர்க்க வேண்டும் என்பார். கடை மூடியிருக்கும்போது நடந்தது கணக்கில் வராது என்பேன் நான். "கடை மூடினா விலையும் தூங்கிடுமா?" என்று மலாயில் கேட்பார். அந்தச் சண்டை முடிவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். மனைவி காக் தேவிக்கும் மூன்று பெண்களுக்கும் அவர் விட்டுப்போனது கொஞ்சம் ரப்பர் பங்குகள்தான்.

அதை விற்கவா என்று காக் தேவி கேட்டிருந்தார். என் தாளில் கோடுகள் எல்லாம் குட்டை. பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வரலாமென்று சனிக்கிழமை மத்தியானம் போனேன். அன்று அவர்கள் வீட்டில் இறந்தவர்களுக்குப் பழப் படையல். டுரியான், மங்குஸ்தீன், சோறு, மீன் குழம்பு என்று ஐந்து இலைகள். ஒன்று அபாங்குக்கு. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பாருங்க அபாங், அமைதியா இல்லையா?" என்று தாளை அவர் இலையோரம் வைத்தேன்.

பிறகு இறந்தவர்கள் வந்து உண்ணட்டும் என்று படையல் அறையின் ஜன்னலைச் சாத்தி, வாசல் திரையை இழுத்துவிட்டு எல்லோரும் கூடத்துக்கு வந்துவிட்டோம். நான் திரைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் உள்ளே போகவில்லை. கால் மணி கழித்துக் காக் தேவி நிலைப்படியைத் தட்டிவிட்டுத் திரையை விலக்கினார்.

நம்பினால் நம்புங்கள், என் மைக்கோடுகள் ஒவ்வொன்றும் பென்சிலால் நீட்டப்பட்டிருந்தன. அபாங் சொல்லும் அந்த 'நேற்று முடிந்த விலை' வரைக்கும். அந்த விலைகள் அந்தத் தாளிலேயே கிடையாது, ஆபீஸ் பேரேட்டில்தான் உண்டு. திங்கட்கிழமை ஒத்துப் பார்த்தேன். பத்து நாளும் ஒரு காசு பிசகவில்லை. சராசரி ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. அமைதியாவது மண்ணாவது! அன்றே விற்றுக் கொடுத்தேன். சுதந்திரக் கொடி ஏறுவதற்கு முன்பே அந்தப் பங்கு சரிந்தது.

யாரோ விளையாடினார்கள் என்று இதைக்கூடத் தள்ளிவிடலாம். சாப்பாட்டைத்தான் தள்ள முடியவில்லை. இறந்தவர்கள் உண்ட சோற்றில் ருசி இருக்காது என்பது அந்த வீட்டு நம்பிக்கை. அந்தச் சனிக்கிழமை படையலை எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டோம். நான்கு இலைகளில் இருந்தது சப்பென்று இருந்தது. அபாங் இலையில் மட்டும் உப்பும் புளியும் உறைப்பும் அப்படியே இருந்தன. எல்லாம் ஒரே சட்டியில் கொதித்த குழம்பு.

காக் தேவி ஒரு வாய் வைத்தவர் கையை எடுத்துவிட்டார். "அடிக், வந்தும் வேலைதான் பாத்தாரா? சாப்பிடலையே" என்று என்னைத் தம்பி முறை வைத்து மலாயில் சொல்லி அழுதார்.

இன்றைக்கும் படையலுக்குக் கூப்பிடுகிறார், போகிறேன். ஆனால் வாசலிலேயே நிறுத்தி என் சட்டைப்பையைக் காட்டச் சொல்வார். துண்டுக் காகிதம் இருந்தால்கூட வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்.