ஆயிரம் பேரின் மருந்து

என் மனைவி வட்டக்கச்சியில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தாள். கலியாணம் முடிந்த முதல் மாரியிலேயே அவளுக்கு நியூமோனியா வந்தது. அடுத்த மாரியிலும் வந்தது. பிறகு மாரி, கோடை என்று பார்க்காமல் வந்தது. சின்னப் பிள்ளைகளிடமிருந்து தொற்றுகிறது என்றார்கள். வேலையை விடச் சொல்லி நானும் சண்டை பிடித்தேன். ஒரு வருடம் வீட்டில் இருந்து பார்த்தாள். அப்போதும் வந்தது.

கடைசியில் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் வைத்தியர்தான் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்து, கிருமிகளை எதிர்க்கும் புரதம் அவள் உடம்பில் ஊறுவதே இல்லை என்று கண்டுபிடித்தார். மாதம் ஒருமுறை அதை வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். வாழ்நாள் முழுவதும்.

"ஆக்கள் குடுக்கிற இரத்தத்தில பிளாஸ்மா எண்டு ஒரு மஞ்சள் நீர் இருக்கு. ஆயிரக்கணக்கான ஆக்களின்ர பிளாஸ்மாவைச் சேர்த்துத்தான் இந்த மருந்தைப் பிரிச்செடுக்கிறவை," என்றார் வைத்தியர். "வெளிநாட்டிலயிருந்துதான் வரவேணும்."

முதல் முறை மருந்து ஏற்றிவிட்டுத் திரும்பிய பஸ்ஸில், பிளாஸ்டர் ஒட்டிய கையையே அவள் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஆயிரம் பேர், என்னப்பா. ஒருத்தரையும் எனக்குத் தெரியாது."

மூன்று மாதத்தில் இருமல் நின்றது. மீண்டும் முன்பள்ளிக்குப் போனாள். அந்த வருடம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய், அவ்வளவு சனத்துக்குள் பயமில்லாமல் நின்றோம். எங்களுக்கு வாய்த்த நல்ல வருடம் அது ஒன்றுதான்.

பிறகு நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. அடுத்த கிழமை வந்து பாருங்கோ என்றார்கள். போனோம், இல்லை. அடுத்த மாதமும் இல்லை. அவளுக்குத் திரும்ப இருமல் தொடங்கியது.

"என்ர இரத்தத்தை எடுங்கோ டொக்டர். எவ்வளவு வேணுமெண்டாலும் எடுங்கோ," என்றேன்.

"ஒராளின்ர இரத்தம் காணாது, ஆயிரம் பேரின்ர வேணும். அதை மருந்தாக்கிற வசதியும் இஞ்ச இல்லை." அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

அதுவரை நான் ஒருமுறைகூட இரத்தம் கொடுத்ததில்லை. அலுவலகத்தில் இரத்ததான முகாம் வரும்போதெல்லாம் ஊசிக்குப் பயந்து நழுவிவிடுவேன். யாரோ முகம் தெரியாதவர்கள் கை நீட்டியதால்தான் என் மனைவி ஒரு வருடம் மூச்சு விட்டாள் என்பதை அன்றுதான் யோசித்தேன். வெட்கமாக இருந்தது.

மருந்து நின்ற மூன்றாவது மாதம் ஒரு காலை அவள் உதடுகள் நீலம் பூத்திருந்தன. கொட்டும் மழையில் ஓட்டோவில் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். என் தோளில் சாய்ந்தபடி, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்: "பிள்ளையளுக்கு... நாளைக்கு வரேலாதெண்டு சொல்லிவிடுங்கோ."

"சொல்லுறன். நீர் கதையாதையும்," என்றேன்.

அதன்பிறகு அவள் கதைக்கவில்லை. நான்கு நாள் மூச்சு இயந்திரத்தில் வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் அவள் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள், மருந்து ஏற்றும் யாழ்ப்பாணக் கிளினிக்கிலிருந்து தாதி ஒருவர் தொலைபேசி எடுத்தார். உற்சாகமான குரல்.

"அண்ணா, மருந்து வந்திட்டுது. அக்காவை வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு வாங்கோ."

நான் குசினியில் அடுப்பருகே நின்றேன். "ஓம் மிஸ்," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தனியாகப் போனேன். அவளுக்கென்று வைத்திருக்கும் மருந்து இன்னொருவருக்குப் போகாமல் கிடந்துவிடக் கூடாதே.

"அவா இல்லை மிஸ். அதை வேற ஆருக்கும் குடுங்கோ."

தாதி என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, தானும் பக்கத்தில் இருந்தார். எதிர்க்கட்டிலில் ஒரு பெண்ணுக்கு அந்த மருந்து துளித்துளியாக இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து இரத்த வங்கி எங்கே என்று கேட்டுப் போனேன்.

இப்போது நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கிறேன். அது அந்த மருந்தாகாது என்று தெரியும். கொடுத்தால் மனம் ஆறும் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை. அன்றைக்கு வேலைக்குப் போகாமல், வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவேன்.