வளைகாப்பன்று நிறையாத பை

தேங்காய் சாதத்தைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அக்காவின் வளைகாப்பில் அதில் வேர்க்கடலையை வாரி இறைத்திருந்தார்கள். பெருங்குடல் முழுக்கப் புண்ணாகி, எந்த மருந்துக்கும் அடங்காமல், அக்காவுக்கு அந்தக் குடலையே எடுத்துவிட்டிருந்தார்கள். சிறுகுடலின் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து அதன்மேல் ஒரு பை ஒட்டியிருந்தார்கள். மலம் அதில்தான் இறங்கும். அந்த உடம்போடு அவள் உண்டானபோது டாக்டரம்மா தைரியம்தான் சொன்னார். "தாராளமா பெத்துக்கலாம். கடலை, தேங்கா பக்கம் மட்டும் போவாத, கொடல அடச்சிக்கும். வயிறு வலிச்சி, பை நெறயாம கெடந்தா ஒடனே ஓடியாந்துடணும்."

இந்தப் பை விஷயம் ரெட்டியார்பாளையத்தில் அக்காவின் மாமியார் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. ஊர் வாய்க்குப் பயந்த பிறவி அந்த அம்மாள். "புள்ள பொறக்கற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று எங்களிடம் சத்தியம் வாங்காத குறைதான்.

வந்த பெண்கள் ஒவ்வொருவரும் வளையல் போட்டுவிட்டு ஒரு வாய் சாதம் ஊட்ட வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். மறுத்தால் ஏன் என்பார்கள். அக்கா மாமியாரைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே அதட்டினார். விழுங்கினாள். நான் தட்டை நகர்த்தப் போனேன். "நீ சும்மா கெட, உண்டாயிருக்கறவ ஆசையா துன்றா" என்று ஒரு பெரியம்மா என் கையைத் தள்ளிவிட்டார்.

சாயங்காலம் அக்காவுக்கு வயிறு முறுக்கியது. "சூட்டு வலிதான், சீரகக் கஷாயம் குடுத்தா நின்னுடும்" என்றார்கள். ஏழாம் மாத வலிக்கு யாரும் செய்கிற வைத்தியம்தான். கஷாயம் அப்படியே வாந்தியாக வந்தது. "மத்தியானத்துலேர்ந்து பை காலியாவே கெடக்குடி" என்று அக்கா என் காதில் முனகினாள். மாமியாரிடம் ஓடினேன்.

"சொந்தக்காரங்க கெளம்பட்டும். இப்ப ஆஸ்பத்திரின்னா இன்னா ஏதுன்னு நோண்டுவாங்க."

பாவி! அக்காவின் கணவரான மாமாவோ தன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் நான்தான் தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடித்து வந்தேன்.

குடல் அடைத்து, முறுக்கிக்கொண்டு, கருகியிருந்ததாம். வயிற்றை அறுத்து அக்காவைக் காப்பாற்றினார்கள். குழந்தை உள்ளேயே போய்விட்டது. பெண் குழந்தை.

துக்கம் கேட்க அதே பெண்கள் வந்தார்கள். "கண்ணு பட்டுடுச்சி" என்றார் மாமியார், கொஞ்சமும் கூசாமல். எல்லோரும் தலையாட்டினார்கள். படுத்திருந்த அக்கா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். சேலையை விலக்கிப் புதுத் தையலையும் பக்கத்திலிருந்த பையையும் காட்டினாள்.

"கண்ணு ஒண்ணும் படல. நீங்க ஊட்டனது இங்க போயி அடச்சிக்கிச்சி. ஒங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க சொல்லல."

மாமியார் பதறி முந்தானையால் மூட வந்தார். அக்கா அந்தக் கையைப் பிடித்துப் பையின்மேல் வைத்து அழுத்தினாள். அது இளஞ்சூடாக நிறைந்துகொண்டிருந்தது.