நாற்பதிலிருந்து எண்பதுக்கு எத்தனை கம்பம்

ஜெயமணி அக்காவின் தம்பி கொள்ளேகாலிலிருந்து அழைத்தபோது நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். "அக்கா போயிட்டாங்க. காத்தால எழுப்பப் போனோம், எந்திரிக்கலீங்க. மத்தியானத்துக்குள்ள எடுத்துருவோம், வெரசா வாங்க" என்றார். அடுப்பை அணைத்தேன். 

நம் மைசூர்த் தமிழர்களின் மாத இதழ் வந்ததும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகிறவர்கள் உங்களில் பலர். எனக்குத் தெரியும், மறைக்காதீர்கள். அங்கேதான் அக்கா மாதாமாதம் இரண்டு கார்களை மோத விடுவார். எது சட்டென்று வேகம் எடுக்கிறது, நேர்ச்சாலையில் எது முந்துகிறது என்று எழுதுவார். அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் என் பக்கத்து மேஜை அவருடையது. வாரம் முழுக்க வவுச்சர், ஞாயிற்றுக்கிழமையானால் கார். சொந்தமாகக் கார் வாங்கியதே இல்லை. கேட்டால், "எனக்கெதுக்கு அம்மிணி? விஜயநகர்ல நிக்கற காரெல்லாம் நம்முளுதுதான்" என்பார். ஓய்வு பெற்றுத் தம்பி வீட்டோடு போன பிறகும் இதற்காகவே பஸ் ஏறி வந்தார்.

கம்பெனிக்காரர்கள் அச்சடிக்கும் செகண்ட் கணக்கை அவர் மதித்ததில்லை. "ஸீரோவுல இருந்து நூறு, கம்பெனிக்காரன் கவலை. நாப்பதுல இருந்து எம்பது, நம்ம கவலை. பஸ்ஸைத் தாண்டறது அங்கதான்" என்பார். அளவு மின்கம்பம். நாற்பதில் போகிற வண்டி எண்பதைத் தொடுவதற்குள் எத்தனை கம்பம் கடக்கிறது, அவ்வளவுதான். "ரோட்டுல எவன் செகண்டைப் பாக்கறான்? கண்ணுக்குத் தெரியறது தூரம்." ரிங் ரோட்டுக்கு அப்பால், வீடு ஒன்றுகூட எழும்பாத ஒரு லேஅவுட்டில் வண்டி ஓட்டிப் பார்க்க உரிமையாளரிடம் அனுமதி வாங்கி வைத்திருந்தார். ஏசி ஓட வேண்டும், சீட்டில் ஆட்கள் வேண்டும், டிக்கியில் அரிசி மூட்டை வேண்டும். "நம்ம சனம் தனியாவா போகுது? அஞ்சு பேரும் ஒரு பலாப்பழமும் இல்லாம வண்டி கெளம்புமா?" ஓட்டுகிறவர்கள் வண்டியை மாற்றிக்கொண்டு இன்னொரு தடவை ஓட்டவேண்டும். கேட்டைத் திறக்கும் காவல்காரர், "இவத்தூ அக்கி மூட்டேனா, மேடம்?" என்று கேட்டுச் சிரிப்பார். இன்றைக்கும் அரிசி மூட்டைதானா என்று அர்த்தம்.

ஒரு தசரா சமயம். ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்கள் டீசல் காரையும் எதிர்வீட்டுக்காரர் காரையும் ஓட விடுவதாக ஏற்பாடு. எதிர்வீட்டார் மாலையை எல்லாம் எடுத்துவிட்டுக் கழுவித் துடைத்த வண்டியோடு வந்தார். எங்கள் வண்டியின் முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, பானெட் நிறையச் சாமந்தி. என் கணவர் அவிழ்க்க மாட்டேன் என்றார். "பூஜை பண்ணதை மறுநாளே பிச்சு எறியறதா? நல்லாயிருக்கு." காற்று தடுக்கும், கணக்குத் தப்பாகிவிடும். இன்னொருவராக இருந்தால் சண்டை போட்டிருப்பார், அல்லது வீட்டுக்குப் போயிருப்பார். அக்கா எதிர்வீட்டுக்காரரைப் பார்த்து, "அப்ப உங்க வண்டிக்கும் ரெண்டு கன்னு கட்டிருங்க" என்றார். தெருமுனைக் கடையில் மிச்சமிருந்த கன்றுகளை வாங்கிக் கட்டிய பிறகுதான் ஓட விட்டார். கல்யாணப் பந்தல் இரண்டு பறந்த மாதிரி இருந்தது. அந்த மாதம், 'வாழைக்கன்றோடு' என்று அடைப்புக்குறிக்குள் போட்டுத்தான் முடிவை எழுதினார்.

இனி என் கதை. டீசல் காரில் ஓட்டக் கற்று, அதிலேயே பல வருஷம் ஓட்டியவள் நான். பிறகு எனக்கென்று சின்னதாக ஒரு பெட்ரோல் கார் வாங்கினோம். வாங்கிய மாதமே நரசிபுரா சாலையில் ஒரு கரும்பு டிராக்டரை முந்தப் போனேன். எதிரே பஸ் வந்தது. என்ன மிதித்தும் வண்டி எழும்பவில்லை. பஸ்காரர் மண்ணில் இறங்கி வழி விட்டதால் பிழைத்தோம். பின்சீட்டில் இருந்த மாமியார் வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை. வந்ததும் திறந்தார்: "சாமுண்டி தாயி புண்ணியம். இனி நீ ஓட்ட வேண்டாம்." கணவரும், "விடு, உனக்கு வேகம் சரிப்படாது" என்றார். நானே அதை நம்பிவிட்டேன். சாவி ஆணியிலேயே தொங்கியது. கொள்ளேகாலுக்கும் அப்பால் மார்டள்ளியில் அம்மா தனியாக இருந்தார். அவரைப் போய்ப் பார்க்க, இனிமேல் கணவருக்கு லீவு கிடைக்கும் நாளுக்காக நான் காத்திருக்க வேண்டும்.

விஷயம் கேட்டவர்கள் எல்லோரும் "என்னம்மா ஆச்சு?" என்றார்கள். அக்கா மட்டும், "எந்த வண்டி?" என்றார்.

"புதுசு, அக்கா."

"அதுக்கு முந்தி டீசலா? ஞாயித்துக்கெழம ரெண்டையும் கொண்டா. நீதான் ஓட்டோணும்."

மாட்டேன் என்றேன். விட்டால்தானே! கணவரிடம் என்ன சொன்னாரோ, இரண்டு வண்டியும் லேஅவுட்டுக்கு வந்துவிட்டன. அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது கியரில் டீசல் கார் நாலு கம்பத்தில் எண்பதைத் தொட்டது. அதே கியர், அதே பாரம், பெட்ரோல் காருக்கு ஆறு கம்பம் ஆயிற்று. திரும்ப ஓட்டினோம், எதிர்த் திசையிலும் ஓட்டினோம், மாறவே இல்லை.

"பாத்தியா? உன்ற காலு இன்னும் டீசல் வண்டியத்தான் மிதிக்குது. நாலு கம்பத்துல தாண்டிருவோம்னு அதுக்கு நெனப்பு. வண்டி மேலயும் குத்தமில்ல, உன்ற மேலயும் குத்தமில்ல. பழக்கந்தான் பத்தல."

நான் ஸ்டியரிங்கில் முகம் வைத்து அழுதேன். அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். "அழுது முடி. அப்பறம் ரெண்டாவது கியருக்கு எறக்கி மிதிச்சுப் பாரு" என்றார். மிதித்தேன். ஒரு கம்பம் குறைந்தது.

அந்த மாதக் கட்டுரையில் நாலு கம்பம், ஆறு கம்பம் என்ற கணக்கு இருந்தது, என் பெயர் இல்லை. படித்துவிட்டுக் கணவர், "இது நம்ம வண்டிங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.  அடுத்த வாரம் மார்டள்ளிக்குக் கிளம்பியபோது தானாகப் போய் இடது சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

அக்காவின் சாவுக்குப் போன அன்றும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். நரசிபுரா தாண்டியதும் முன்னால் ஒரு பஸ் உருட்டிக்கொண்டு போனது. எதிரே தூரத்தில் லாரி. "நேரமாச்சு, தாண்டிடலாமே" என்றார். "இந்த வண்டிக்கு அந்த இடம் பத்தாது" என்றேன்.  லாரி போனது. கியரை இறக்கினேன், தாண்டினேன்.

கொள்ளேகாலில் தூக்கத் தயாராக நின்றார்கள். "கொஞ்சம் பொறுங்க, மைசூர்க்காரங்க வந்துட்டாங்க" என்றார் தம்பி. முகத்தைப் பார்த்தேன். காலைத் தொட்டுக் கும்பிட்டேன். நன்றி அக்கா என்று வாய்விட்டே சொன்னேன். சாவு வீட்டில் அப்படிச் சொல்வார்களா என்று யோசிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அம்மாவைப் பார்க்கவேண்டும் போலிருந்தது. யாரையும் கேட்கவில்லை, லீவு நாளா என்று பார்க்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அக்கா எனக்கு விட்டுப்போனது அதுதான்.